தேற்றுவோரை யார் தேற்றுவது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் நம் நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் மையித்துகளைத் தேடியெடுத்து அடக்கியவர்களுள் பலர், தம் வீட்டிலும் ஆளைப் பறிகொடுத்த அவ்வூர் இளைஞரே.

அவர்களைத் தேற்றச் சென்ற நாம் முதலில் தவறினோம். பயிற்சியிற் படித்தபடி வட்டமாக இருத்தி, "கண்டதையெல்லாம் சொல்லுங்கள்" என்றோம். சிலர் எழுந்து போய்விட்டனர். இப்படி ஒரே அமர்வில் கிளறிக் கேட்பது ஆகாதென்று, 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாம் அதைப் பட்டறிந்தோம்.

ஓர் இளைஞர், "கல்பு பதறுது, ராவைக்கு உறக்கமில்லை" என்றார். பல நாள் பழகிய பின்பே காரணம் தெரிந்தது. கண்ட கோரத்தை விட, செய்ய முடியாமற் போனதே அவரை வாட்டியது. பல ஜனாஸாக்களைக் குளிப்பாட்டாமலே அடக்க நேர்ந்தது. அல்லாஹ் கணக்குக் கேட்பானோ என்ற அச்சம். இதற்கு நம்மிடம் மருந்தில்லை. அவர் சம்மதத்துடன் மௌலவி ஒருவரிடம் போனோம். இயலாத வேளையில் அக்கடமை நீங்கும் என்றும், நீரில் மூழ்கி இறந்தோருக்கு ஷஹீத்களின் நற்கூலி உண்டென்றும் அவர் விளக்கினார். அன்றோடு குணமாயிற்று என்று சொல்லமாட்டோம். ஆனால் அன்றுதான் அவர் அழுதார்.

கணவரை இழந்த பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர் வெளியே வராததை நம் குழுவினர் நோயென்று குறித்துக்கொண்டனர். அவர் இத்தாவில் இருந்தார்; 4 மாதமும் 10 நாளும். பெண் ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கூட இருந்ததே அவருக்கு உதவிற்று.

இடம்பெயர்ந்து வாழும் உங்களிடையேயும் நிவாரணப் பதிவெழுதும் பிள்ளை, இரவில் நோயாளரைத் தூக்கிச் செல்லும் தம்பி என்று சிலர் இருப்பர். சூடு மிதித்த எருமையையே இடையில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டியவர்கள் நாம். எலியா இறைவாக்கினர், முஸ்லிம் மக்களின் இல்யாஸ் நபி, சாக விரும்பிச் சோர்ந்து கிடந்தபோது வானதூதர் அப்பமும் தண்ணீரும் கொடுத்து மீண்டும் உறங்கவிட்டார். கேள்வி பிறகுதான் வந்தது.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தனியே விடவும் வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். அந்நிலையில் மௌலவியும் சுவாமியும் மட்டும் போதாது.

குழுவாகப் பேச: நம்மிடையே ஓயாமல் ஓடுகிறவர் யார்? இந்தக் கிழமை அவருடைய இரவு வேலையை யார் ஏற்பது?