கரிசல் மனையில் வீடு: கணினியில் படம் வரையச் சில குறிப்புகள்

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டாரத்தில் மனை வைத்திருப்பவர்கள் சொந்த வீட்டோடு வாடகைக்கு இரண்டு அறை சேர்த்துக் கட்ட நினைப்பது இயல்புதான். அப்படி நினைப்பவர்கள் கொத்தனாரிடம் போவதற்கு முன்னால் வீட்டின் படத்தைத் தாங்களே வரைந்து பார்க்கலாம். 'ஃப்ரீகேட்' என்ற மென்பொருளுக்குக் காசு கிடையாது. 2002இல் தொடங்கிய அந்தப் பணி 2024 நவம்பரில்தான் 1.0 என்ற பதிப்பை எட்டியது. முகப்பும் வரைகருவிகளும் அதில் நிறையவே மாறிவிட்டன. பழைய பதிப்பைப் பார்த்து மிரண்டு விலகியவர்கள் மறுபடி திறந்து பார்க்கலாம். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல்முறை திறக்கும்போதே மொழி, அளவு முறை, சுட்டியைக் கையாளும் விதம், திரையின் நிறம் நான்கையும் கேட்டுவிடும். அவசரப்பட்டு 'அடுத்து, அடுத்து' என்று தட்டிப் போகாதீர்கள். அளவு முறையில், கட்டடத்துக்கான அடி-அங்குலம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியில் மவுஸ் இல்லாதவர்கள் 'டச்பேட்' முறையை எடுத்துக்கொண்டால் விரல் வலிக்காது.

2. முதலில் வரைய வேண்டியது வீடு அல்ல, மனை. பட்டாவோடு புலப்படத்தின் நகலையும் எடுத்து வையுங்கள். அதில் அளவு மீட்டரில் இருக்கும். ஓர் அடி 304.8 மில்லிமீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மாற்றிக் கணக்குப் போட்டுச் சிரமப்பட வேண்டாம். மீட்டரில் தட்டினால் மென்பொருளே அடிக்கு மாற்றிக் காட்டிவிடும்.

3. இந்தக் குறிப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மனையின் நான்கு பக்க அளவையும் கொடுத்துவிட்டால் படம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முடியாது. நான்கு பக்கமும் அதே நீளமாக இருக்க, மனை ஒரு பக்கமாகச் சாய்ந்து வேறு வேறு வடிவம் எடுக்க முடியும், பரப்பும் மாறும். ஃப்ரீகேட் இதைக் கண் முன்னால் காட்டிவிடுகிறது. நான்கு பக்கத்துக்கும் அளவு கொடுத்தபின் ஒரு மூலையைச் சுட்டியால் பிடித்து இழுங்கள், உருவம் நெளியும். இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள குறுக்களவையும் கொடுங்கள். மனையின் ஏதாவது ஒரு மூலையை நிலையாகப் பொருத்தி, ஒரு பக்கத்தைக் கிடையாக வைத்துவிட்டால் கோடுகள் எல்லாம் பச்சையாகிவிடும். இனி எதுவும் அசையாது என்பதற்கு அதுதான் அடையாளம். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்தே அளந்த பழைய சர்வேயர்கள் செய்ததும் இதே வேலைதான்.

அடுத்து, இரண்டாவது குறுக்களவை வெறும் பார்வை அளவாகப் போடுங்கள். கட்டுப்படுத்தும் அளவாகப் போட்டால் 'தேவைக்கு மிஞ்சிய அளவு' என்றோ 'முரண்' என்றோ மென்பொருள் மறுத்துவிடும். பார்வை அளவாகப் போட்டால் அது கணக்கிட்ட நீளத்தைச் சொல்லும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மனைக்குப் போய் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் அரை அடிக்கு மேல் விலகினால் எங்கோ ஒரு கல் நகர்ந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கம் தப்பாக அளந்திருக்கிறீர்கள். வேலிக்காரரிடம் அதைப் பேசித் தீர்ப்பதற்குச் சரியான நேரம், சுவர் எழும்புவதற்கு முன்னால்தான்.

4. செவ்வகம் வரையும் கருவியில் இப்போது 'சட்டம்' என்ற தேர்வு வந்திருக்கிறது. அதை டிக் செய்தால் ஒரே வரைவில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரட்டைக் கோடு விழும். அறைச் சுவருக்கென்றே அமைந்த வசதி. வரையும்போது சுட்டிக்குப் பக்கத்திலேயே சின்னப் பெட்டி தோன்றும். நீளத்தைத் தட்டி, டேப் விசையை அழுத்தி, அகலத்தைத் தட்டினால் போதும். முன்பெல்லாம் கண்ணளவாக வரைந்துவிட்டு ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக அளவு மாட்ட வேண்டியிருந்தது. பிறகு திருத்த வேண்டுமானால் 'டி' விசை ஒன்றே போதும். நீங்கள் தொடுவது நீளமா, விட்டமா, கோணமா என்பதை அதுவே புரிந்துகொள்ளும்.

5. மனையடி பார்க்கும் வீடுகளில் பெரியவர்கள் கேட்பது உள்கூடு அளவை. வெளிச்சுவர் அளவைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே செவ்வகத்தின் உட்கோட்டுக்குத்தான் அளவு கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 10 அடி அறையும் 12 அடி அறையும் அடுத்தடுத்து வருகின்றன. வெளிச்சுவர்கள் 9 அங்குலம், நடுச்சுவர் நாலரை அங்குலம் என்று வையுங்கள். வெளியளவு 22 அடி அல்ல, 23 அடி பத்தரை அங்குலம். மனை ஒடுக்கமாக இருந்தால் இந்த ஒன்றே முக்கால் அடிக்கு மேலான வித்தியாசம்தான் பக்கவாட்டு இடைவெளியைத் தின்றுவிடும்.

6. பூச்சையும் மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூசினால் அறை ஓர் அங்குலம் சுருங்கும். பீரோவும் கட்டிலும் சரியாகப் பொருந்த வேண்டிய இடத்தில் அந்த ஓர் அங்குலம் வேண்டும்.

7. சுவர்த் தடிமன், அறை நீளம், தள உயரம் ஆகியவற்றை எல்லாம் 'வேர்செட்' என்ற புதிய பெட்டியில் பெயரிட்டு ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம். படத்தில் எண்ணைத் தட்டாமல் அந்தப் பெயரைச் சுட்டிவிடுங்கள். தாத்தா வந்து "9 அடி ஆகாதுப்பா, 10 வை" என்றால் ஓர் எண்ணை மாற்றினால் போதும், வீடு முழுவதும் அதற்குத் தக்கபடி நகரும். பழைய பதிப்புகளில் இப்படி மாற்றினால் ஜன்னல் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாவிவிடுவது போன்ற தொல்லைகள் உண்டு. 1.0இல் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஓர் அளவை மாற்றினால் படமே தன்னைச் சரிசெய்துகொள்ளும் இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து 1963இலேயே 'ஸ்கெட்ச்பேட்' என்ற திட்டத்தில் ஒளிப்பேனாவால் திரையில் வரைந்து இதைச் செய்து காட்டினார். அறை அளவுள்ள இயந்திரத்தில் அன்று நடந்தது இன்று நம் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. இதை நாம் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

8. மாடிப்படியை வரையாமல் வீட்டுப் படத்தை முடிக்காதீர்கள். தளத்திலிருந்து தளம் 10 அடி என்றால் 120 அங்குலம். 18 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, வயதானவர்களும் ஏறலாம். மிதிபடி 10 அங்குலம் வீதம் 17 வரும். நேராகக் கொண்டுபோனால் 14 அடி 2 அங்குலம் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் நடுவில் திருப்பம் வைக்க வேண்டும். இதைத் திரையில் முடிவு செய்யுங்கள். கம்பி கட்டும் நாளில் முடிவு செய்யாதீர்கள்.

9. அஸ்திவாரத்துக்குத் தனியாக ஒரு குறுக்குவெட்டுப் படம் வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேலாக்க அஸ்திவாரம் போட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை உருவாக்கியது. பொதுவாகச் சுமார் மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் இறங்கும் அந்தத் தூண்களை மேலே உத்தரங்களால் இணைப்பார்கள். உங்கள் மனைக்கு அது தேவையா, வேறு வழி போதுமா என்பதை மண்ணைச் சோதித்து ஒரு பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் படத்தில் மண் அடுக்குகளின் ஆழத்தைக் குறித்து வைத்தால் அவருக்கு உதவியாக இருக்கும்.

10. வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி போடுங்கள். மேற்கு வெயில் விழும் சுவரை ஒட்டிப் படிக்கட்டு, சாமான் அறை, குளியலறை வரட்டும். படுக்கையறையை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள்.

11. மொட்டை மாடியின் பரப்பை மென்பொருளின் அளவுக் கருவியால் எடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மாடி 1,000 சதுர அடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் எனக் கழித்தாலும் 59,000 லிட்டருக்கு மேல் தேறும். கிணறு வற்றும் ஊரில் இது பெரிய சொத்து. கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்தே தமிழகத்தில் கட்டாயம். குழாய் எந்த மூலையில் இறங்கும், தொட்டி எங்கே வரும் என்பதை இப்போதே வரைந்துவிட்டால் பிறகு தரையை உடைக்க வேண்டாம்.

12. அனுமதிக்கு: 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்குத் தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. அப்போதைய விதிப்படி தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி வரைக்கும்தான். 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. விண்ணப்பம் இணையவழியில். சுயசான்று என்பதால் கொடுக்கும் அளவுகளுக்கு நீங்களே பொறுப்பு. மூன்றாவது குறிப்பில் சொன்ன குறுக்களவைச் சரிபார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

13. அச்சிடும்போது 1:50 என்ற விகிதம் நல்லது. 30க்கு 40 அடி வீடு ஏ4 தாளில் அடங்கும்தான், ஆனால் அளவு எழுத இடம் இருக்காது. ஏ3 தாளில் எடுங்கள். கொத்தனாருக்கு ஒன்று, கம்பி வேலை செய்பவருக்கு ஒன்று, மின்வேலைக்காரருக்கு ஒன்று. எந்தத் தேதிப் படம் என்பதைத் தாளின் மூலையில் பெரிதாக எழுதுங்கள். படத்தை மாற்றியபின் பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.