பணமில்லாத சபை என்ன செய்ய முடியும்?

கேள்வி: எங்கள் சபை சிறியது, காணிக்கையும் குறைவு. ஊர் மக்களுக்கு நாங்கள் என்ன செய்துவிட முடியும்?

பதில்: பணத்திலிருந்து கணக்கைத் தொடங்குவதால்தான் இந்தத் தயக்கம். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடுதான் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் காட்ட வழக்கம் இடம் தராததால் பெண்கள் பிரசவத்தில் இறந்துகொண்டிருந்த காலம். அந்த ஒரு தேவையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் தொடங்கிய பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. தேவை முதலில், கட்டடம் பிறகு. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் சேலை கொடுத்துப் படமெடுத்துக்கொள்வதை நான் சேவைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். உங்களிடம் வாரத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் ஒரு கூடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை, செவிலியர், அரசு அலுவலர் என்று யாராவது சபையில் இருப்பார்கள். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு மாலையில் கூடத்தைத் திறக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரலாம். இதற்கு ஆகும் செலவு மின்கட்டணம் மட்டுமே.

'மதம் மாற்றத்தான் இதெல்லாம்' என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் கோபித்துப் பயனில்லை, நடத்தையால்தான் பதில் சொல்ல வேண்டும். உதவிக்கு முன்னும் பின்னும் ஜெபமோ துண்டுப் பிரசுரமோ வேண்டாம். கோவில் தெருவிலிருந்தும் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'முதலில் நம் சபை ஏழைகளைப் பார்ப்போம்' என்று சபைக்குள் சிலர் சொல்வதும் நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த ஏழைகளின் பிள்ளைகளும் அதே கூடத்தில்தான் உட்காரப்போகிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்துத் தெருவில் பத்து வீடுகளில் என்ன குறை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.