டொயோட்டா 86: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பி.ஆர்.இசட் ஆகிய இரண்டும் 2012-இல் விற்பனைக்கு வந்தன. 86-இன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா, டர்போ வேண்டாம் என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். அதனால் கிடைத்தது 1998 சிசி எஃப்.ஏ.20 பாக்ஸர் இன்ஜின். 7000 ஆர்.பி.எம்மில் 200 பி.எஸ். பவர், 6400-க்கு மேல் 205 நியூட்டன் மீட்டர் டார்க். வளைவுகளில் சொன்னபடி கேட்கும் கார்தான். ஆனால் 3500-ஐத் தாண்டியதும் டார்க் சரிந்து, 4500 வாக்கில்தான் மீள்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் கார் தயங்குவதாகத் தோன்றுவது இந்தப் பள்ளத்தால்தான்.

இதைத் தீர்க்க டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்தி, காற்றை அழுத்திச் செலுத்தும் பூஸ்ட்டைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைத்திறன் கூடும்?” என்று. அதற்கு முன்பு கேட்க வேண்டியது, “எந்த ஆர்.பி.எம்மில் கூடும்?”

எல்லா வழிக்கும் பொதுவான தடை

இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோ 12.5:1. வெளிக்காற்றை அப்படியே இழுக்கும் இன்ஜினுக்கு அது வரம். பூஸ்ட் சேர்த்தால் அதுவே சுமை. 30 டிகிரி காற்றை 0.5 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், திறமையான கம்ப்ரஸரிலும் அது 80 டிகிரியை நெருங்கிவிடும். சூடான காற்று, உயர்ந்த கம்ப்ரஷன் இரண்டும் சேர்ந்தால் நாக்கிங் வரும். பிஸ்டனைப் பதம் பார்க்கும். எனவே இன்டர்கூலர், உயர் ஆக்டேன் பெட்ரோல், டைனோவில் வைத்துச் செய்த இ.சி.யூ டியூனிங் ஆகிய மூன்றும் எந்த வழியிலும் கட்டாயம்.

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர்

எடல்பிராக், ஹாரப் கிட்களில் இருப்பது ஈட்டனின் டி.வி.எஸ் ரோட்டர்கள். கிராங்க் ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட் இவற்றைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளுவதால், குறைந்த ஆர்.பி.எம்மிலேயே பூஸ்ட் கிடைத்துவிடும். 86-இன் டார்க் பள்ளம் ஏறக்குறைய மறைந்துபோகும், 2.0 லிட்டர் இன்ஜின் பெரிய இன்ஜினைப் போல இழுக்கும்.

இதற்கு விலையும் உண்டு. உச்ச வேகத்தில் காற்று அதிகம் சூடாகும். பெல்ட்டைச் சுழற்றவும் இன்ஜினின் பவரில் ஒரு பங்கு போகும். கனமான யூனிட் இன்ஜினின் தலைமேல் உட்காருவதால், பாக்ஸர் அமைப்பு தரும் தாழ்ந்த ஈர்ப்பு மையமும் சற்று உயரும்.

சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜர்

வோர்டெக், ரோட்ரெக்ஸ் போன்றவை இந்த வகை. டர்போவில் இருப்பதைப் போன்ற கம்ப்ரஸர் சக்கரத்தை இங்கே பெல்ட் சுழற்றுகிறது. பூஸ்ட் ஏறக்குறைய ஆர்.பி.எம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 7000-இல் 0.5 பார் என்றால் 3500-இல் சுமார் 0.12 பார்தான். ஆக, பள்ளம் அங்கேயே இருக்கும். மேலே போகப் போகத்தான் கார் சீறும்.

குறை போலத் தோன்றும் இதுவே ரேஸ் டிராக்கில் பலம். அங்கே ஊசி எப்போதும் 5000-க்கு மேல்தான் நிற்கும். பவர் படிப்படியாக ஏறுவதால், வளைவின் நடுவில் பின்சக்கரங்கள் திடீரென வழுக்காது. நடு ஆர்.பி.எம்மில் டார்க் குறைவாக இருப்பதால் கனெக்டிங் ராடுகளுக்கும் சுமை குறைவு.

டர்போ

வீணாகும் எக்ஸாஸ்ட் வாயுவில் ஓடுவதால், அதிகபட்ச பவருக்கு இதுதான் நேர்வழி. சிறிய டர்போ என்றால் 3000 சொச்சத்திலேயே பூஸ்ட் வந்துவிடும்; தேவைக்கேற்ப அளவை ஏற்றி இறக்கவும் முடியும்.

சிக்கல் இரண்டு. பாக்ஸர் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வெளியேறுவது அடிப்பக்கம். டர்போவைத் தாழ்வாகப் பொருத்தினால், அதற்குப் போகும் ஆயில் தானாக வழிந்து திரும்பாது. தனி பம்ப் தேவைப்படும். அடுத்தது ராடு. ராடை வளைப்பது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். அது டார்க்கோடு சேர்ந்தே உயரும். உச்ச பவர் சமமாக இருந்தாலும், நடு ஆர்.பி.எம்மில் டார்க்கைக் கொட்டும் டர்போ, சென்ட்ரிஃப்யூகலைவிட ராடுகளை அதிகம் வருத்தும். சக்கரத்தில் அளக்கும் பவர் 300 குதிரைத்திறனை நெருங்கினால் ஃபோர்ஜ்டு ராடு, பிஸ்டன் பற்றி யோசிக்க வேண்டும். அதாவது, இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும்.

கிட்டின் விலை மட்டும் செலவல்ல

பெரிய இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப், ஆயில் கூலர், கிளட்ச், டைனோ கட்டணம் எல்லாம் தனி. பிரேக்கும் டயரும் பழையபடியே இருந்தால் கூடுதல் பவர் ஆபத்துதான். உற்பத்தியாளரின் வாரண்டி கைவிட்டுப் போகலாம்; புகைப் பரிசோதனை கடுமையாக உள்ள நாடுகளில், பொருத்துவதற்கு முன்பே சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டும் வேண்டாம் என்றால்

உங்கள் குறை அந்தப் பள்ளம் மட்டும்தான் என்றால், எக்ஸாஸ்ட் ஹெடரை மாற்றி, எத்தனால் கலந்த இ85 எரிபொருள் கிடைக்கும் ஊரில் அதற்கேற்ப டியூன் செய்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். டொயோட்டாவும் சுபாருவும் அடுத்த தலைமுறையில் டர்போவைத் தேடவில்லை; இன்ஜினை 2387 சிசிக்கு வளர்த்தன. அந்த எஃப்.ஏ.24 இன்ஜினில் 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3700 ஆர்.பி.எம்மிலேயே கிடைக்கிறது. கிட், துணைப் பாகங்கள், டியூனிங் என்று முழுத் தொகையைக் கூட்டிப் பார்த்தபின், பழைய காரை விற்று அந்த அடுத்த தலைமுறைக் காரான ஜி.ஆர்.86 வாங்குவதையும் அதோடு ஒப்பிடுங்கள்.

முடிவாக

தினமும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு ரூட்ஸ். டிராக்கில் சுற்றிச்சுற்றி ஓட்டுபவருக்கு சென்ட்ரிஃப்யூகல். இன்ஜினைப் பிரித்துப் பலப்படுத்தப் பணமும் பொறுமையும் உள்ளவருக்கு டர்போ. எதைத் தேர்ந்தாலும், முதலில் டியூனரைத் தேடுங்கள். அவர் ஏற்கெனவே பலமுறை பொருத்திப் பழகிய கிட்டையே வாங்குங்கள்.