தேய்பிறைக்கு நிழல் காரணமா?

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பி.எட். பயிற்சி ஆசிரியர்களே சொல்கிறார்களே, எப்படித் திருத்துவது?

பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே, அதுவும் பௌர்ணமியில்தான். மூன்றாம் பிறையன்று மாலையில் சூரியன், நிலா இரண்டுமே மேற்கில் இருக்கும். பூமியின் நிழலோ எதிர்த்திசையில் விழும்; பாவம், அதன்மேல் பழிபோட வழியில்லை. கிரகண நேரம் தவிர, நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில்தான். அந்தப் பாதியில் எவ்வளவு பூமியிலிருந்து தெரிகிறது என்பதே 29.5 நாள் சுற்றில் மாறுகிறது.

இதைச் செய்துகாட்ட, இருட்டறையில் சூரியனாக ஒரு பல்பும் நிலாவாகக் குச்சியில் செருகிய பந்தும் போதும்; பூமி நம் தலைதான். பல்பைப் பார்த்து நின்று, பந்தைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்து, இடப்பக்கமாக மெல்லத் திரும்பினால் பிறை, அரைநிலா, முழுநிலா வரிசையாகத் தெரியும். பல்புக்கு முதுகு காட்டி நிற்கும்போது கையைத் தாழ்த்தினால் தலையின் நிழல் பந்தை மறைக்கும். கிரகணம் அது.