இருக்க விட்ட வீட்டைத் திரும்பப் பெறுதல்: குறிகட்டுவான் வீட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1991 ஒக்டோபரில் புங்குடுதீவுச் சனம் இடம்பெயர்ந்தது. அங்கே குறிகட்டுவான் துறையடிப் பக்கம் வீடு வளவு உள்ளவர்களில் பலர் இன்று கொழும்பிலோ சுவிசிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். "சும்மா கிடக்கிற வீடுதானே, இருந்து பாருங்கோ" என்று யாரையாவது இருத்தியிருப்பார்கள். வாடகை இல்லை, எழுத்தும் இல்லை. இப்போது வீடு வேண்டும்.

முதலில்: இது எந்த வகை இருப்பு?

வாடகை வாங்காமல் வெறும் சம்மதத்தில் இருப்பவரைச் சட்டத்தரணிகள் 'லைசென்சி' என்பார்கள். வாடகை வாங்கியிருந்தால் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குறுக்கே வரலாம். ஒற்றிக்குக் கொடுத்திருந்தால் காசைக் கட்டித்தான் மீட்க வேண்டும். மாதாமாதம் வந்த சிறு தொகை வாடகையா, கரண்ட் பில் காசா என்பதை இப்போதே தெளிவாக்குங்கள். பிணக்குகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும்.

பத்து வருடப் பயம்

"பத்து வருடம் இருந்தால் வீடு அவனுக்கே" என்று ஊரில் சொல்வார்கள். பாதி உண்மை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கேட்பது உரிமையாளருக்கு எதிரான பத்து வருட ஆட்சியை. சம்மதத்தோடு வந்து இருந்தவரின் காலம் அதில் தானாகச் சேராது. நகுதா மரிக்கார் வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1903இலேயே இந்த வழியில் தீர்ப்பளித்தது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை: உங்கள் அனுமதியில் உள்ளே வந்தவர், அனுமதி தந்தபோது உங்களுக்கு உரிமை இருக்கவில்லை என்று வாதாட முடியாது. ஆகவே 'என் அனுமதியில்' என்ற சொல் நீங்கள் அனுப்பும் வெளியேறல் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எவ்வளவு அவகாசம்?

இத்தனை நாள் என்று சட்டத்தில் எண் இல்லை; நியாயமான காலம் என்பதுதான் அளவு. பிள்ளைகள் தவணை நடுவே இருக்கிறார்களா, கார்த்திகை மழையில் சாமான் ஏற்ற முடியுமா, எத்தனை வருடம் இருந்தார்கள் என்று பாருங்கள். நெடுநாள் இருந்த குடும்பத்துக்கு மூன்று மாதம் என்பது என் கணக்கு. குறைத்துக் கொடுத்தாலும் அறிவித்தல் செல்லாமல் போகாது என்று இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு உண்டு: போரில் ஜிப்ரால்டரிலிருந்து இலண்டனுக்கு ஏற்றப்பட்ட அகதிகள் பற்றிய 1944ஆம் ஆண்டு பெலோட்டி வழக்கு. நியாயமான காலம் கடந்த பிறகே வெளியேற்றலாம் என்பது அதன் சாரம். இங்கே அது கட்டுப்படுத்தாது, வழி மட்டும் காட்டும்.

கடிதம்

முதலில் போன் எடுத்துப் பேசுங்கள். திடீரெனச் சட்டத்தரணியின் கடிதம் போனால், சும்மா போகவிருந்தவரும் முறுகி நிற்பார். பிறகு எழுதுங்கள்:

"இவ்வீட்டில் தாங்கள் எனது அனுமதியுடன், வாடகையின்றிக் குடியிருந்து வருகிறீர்கள். அந்த அனுமதியை இத்தால் முடித்துக்கொள்கிறேன். ............ ஆம் திகதிக்கு முன் வெறுமையான வீட்டை ஒப்படைக்கவும்."

திகதி, உறுதி இலக்கம், வளவின் எல்லைகள் சேருங்கள். பதிவுத்தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சகோதரர்களுக்கும் பங்கு இருந்தால் எல்லோரும் ஒப்பமிடுவது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். அவர் யாழ்ப்பாணத்தில் உள்ள சித்தப்பா ஒருவராக இருந்தால் குறிகட்டுவானுக்கு 776 பஸ் ஏறி வந்து போவார்.

போகாவிட்டால்

பூட்டை உடைக்காதீர்கள், கூரையைக் கழற்றாதீர்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரின் பிணக்கு இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கு வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி அவரை மீண்டும் உள்ளே இருத்தச் சொல்லலாம். உறுதி உங்கள் கையில் இருந்தும் வாசலுக்கு வெளியே நிற்பீர்கள். மத்தியஸ்த சபையை முயன்று பாருங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்ற வழக்குத்தான்.

சாவி வாங்கும் நாள்

கிராம அலுவலரை, அவர் வராவிட்டால் அயலவர் இருவரை, சாட்சியாக வைத்து ஒப்படைப்புக் கடிதத்தில் ஒப்பம் வாங்குங்கள். மின்மானி வாசிப்பு, கிணற்று மோட்டர், கதவு நிலைகள் எல்லாம் குறித்துப் படமெடுங்கள். உங்கள் சம்மதத்தோடு அவர்கள் கட்டிய குசினிக்கோ கக்கூசுக்கோ செலவு கேட்டால் அதையும் அன்றே பேசி முடித்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.