முதல் வைத்தியம் பெட்டிக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களையும் வீடியோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஆமைக்குஞ்சு முந்திரியின் கண்ணிமைகள் உப்பி மூடியிருக்கின்றன. மூக்கில் நீர்க்குமிழ் வந்து வந்து உடைகிறது. ஒரு வாரமாக எதையும் தின்னாமல் ஒரே மூலையில் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். உடனே கவனிக்க வேண்டிய நிலைதான் இது; கை மீறிப் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அப்பா நேரம் கேட்டு வாங்க வேண்டும். நாய், பூனை மட்டுமே பார்ப்பவர் போதாது. அந்த நேரம் வரும்வரை காத்திராமல் நீ முந்திரியின் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடிதம் உன்னுடைய வேலைக்காக.

நோய் முந்திரிக்குத்தானே, பெட்டிக்கு எதற்கு வைத்தியம் என்று கேட்பாய். நமக்குக் கிருமி தொற்றினால் உடம்பு தானாகவே சூட்டைக் கூட்டிக்கொண்டு போராடும். ஆமையால் அது முடியாது. வெளியே எவ்வளவு சூடு கிடைக்கிறதோ அவ்வளவுதான் அதன் உடம்புச் சூடு. குளிர்ந்துபோன ஆமையின் குடலில் இலை செரிக்காது. கிருமியை எதிர்க்கும் சக்தி மந்தமாகும். மருத்துவர் போடும் ஊசிமருந்துகூட உடம்பில் ஒழுங்காகப் பரவாது. நான் வைத்தியம் பார்த்த ஆமைக்குஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் நோய், அவை வாழ்ந்த இடத்தில்தான் தொடங்கியிருந்தது. இடத்தை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்தவர்கள் சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வருவார்கள்.

முந்திரி ஹெர்மன் ஆமை. ஸ்பெயின், தென்பிரான்ஸ், இத்தாலி, பால்கன் நாடுகள், கிரேக்கம் என்று மத்தியதரைக் கடலை ஒட்டிய புதர்க்காடுகள்தான் அந்த இனத்தின் ஊர். காலையில் வெளியே வந்து வெயில் காய்ந்து, உடம்பில் சூடேறியதும் மேயப் போகும். வெயில் உச்சிக்கு ஏறினால் புதரடியில் நுழைந்துவிடும். குஞ்சுகள் வெட்டவெளிக்கு அதிகம் வருவதில்லை. புல்லடியிலும் ஈரமண்ணிலும் பதுங்கியே வளரும். அப்படிப்பட்ட குஞ்சு லெஸ்டரில், அக்டோபர் மாதத்தில், சன்னலோரக் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டு ஹீட்டர் அறையை 20 டிகிரிக்கு வைத்திருக்கிறது என்கிறாய். உனக்கு அது இதமான சூடு. சூடு காய வேறு இடமில்லாத முந்திரிக்கு அது உடம்பை மந்தமாக்கும் குளிர்.

உன் நாட்டுக்கு இது புதிய கதையும் அல்ல. வடஆப்பிரிக்காவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பல பத்தாண்டுகளாக நில ஆமைகளை மொத்தம் மொத்தமாக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து கடைகளில் விற்றார்கள். ஏராளமானவை முதல் குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. 1984இல்தான் மத்தியதரைக் கடல் ஆமைகளின் வணிக இறக்குமதிக்கு ஐரோப்பா தடை போட்டது. முந்திரி பண்ணையில் பொரித்த குஞ்சு. அதற்கான சான்றிதழை அப்பா பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

முதலில் சூடு. பெட்டியின் ஒரு கோடியில், மேலிருந்து விழும்படி ஒரு சூட்டு பல்பு வேண்டும். அதன் நேர்கீழே, முந்திரியின் முதுகு உயரத்தில், 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். மறு கோடி குளுமையாக இருக்கட்டும். நல்ல உடம்போடு இருக்கும் குஞ்சுக்கு அங்கே 20, 22 டிகிரி போதும். நோயாளிக்கு இப்போதைக்கு 24, 25க்குக் கீழே விடாதே. இரண்டு கோடிகளும் ஏன் வேண்டும் என்றால், எவ்வளவு சூடு தேவை என்பதை முந்திரிதான் நடந்து நடந்து தீர்மானிக்க வேண்டும். பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் அதற்குத் தப்பிக்க இடம் இருக்காது. பகலில் 12 மணி நேரம் விளக்கு, பிறகு இருட்டு. இரவில் வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோடு இணைத்து, மருத்துவர் வேறு மாதிரி சொல்லும்வரை 24 டிகிரியை ஒட்டி வைத்திரு. வயிற்றுக்கடியில் போடும் சூட்டு விரிப்பு வேண்டாம். சூடு மேலிருந்து வருவதுதான் ஆமைக்குப் பழக்கம்; அடியில் சுடுவதை உணர்ந்து அது விலகிப்போகும் என்று நம்ப முடியாது, வயிறு வெந்துபோகும். கையை வைத்துப் பார்த்துச் சூட்டை ஊகிக்காதே. இரண்டு கோடிகளிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வை.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். தொட்டியைச் சன்னலோரம் வைத்ததால் வெயில் படுகிறது என்று எழுதியிருந்தாய். வெளிச்சமும் சூடும் கண்ணாடி வழியே வரும். புற ஊதா பி கதிர் அநேகமாக வராது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமை தன் உடம்பில் வைட்டமின் டி3யைத் தயாரிக்க முடியும். டி3 இல்லாவிட்டால் கணவாய் ஓட்டை எவ்வளவு கொறித்தாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று ஆகும், கால் எலும்பு வளையும், கடைசியில் நடக்கவே முடியாமல் போகும். ஆகவே புற ஊதா பி தரும் நீளக் குழல்விளக்கு ஒன்று கட்டாயம் வாங்க வேண்டும். சூட்டு பல்பு இருக்கும் பக்கத்திலேயே அதைப் பொருத்து. தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் உயரத்தில் கட்டு. நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. கண்ணுக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் கதிர் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வரும். மாற்றவேண்டிய தேதியை விளக்கின் ஓரத்தில் எழுதி ஒட்டு. இப்போது வைத்திருக்கும் சுருள் வடிவச் சிறுவிளக்கை இன்றே கழற்றிவிடு. அந்த வகை விளக்குகளில் சில, கிட்டத்தில் வைத்தால் ஆமையின் கண்ணைப் புண்ணாக்கும். முந்திரியின் கண்வீக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது ஈரம். ஹெர்மன் ஆமை வறண்ட நாட்டு விலங்கு, அதனால் காய்ந்த மரச்சீவல் போதும் என்று கடையில் சொல்லித் தந்திருக்கிறார்கள். வளர்ந்த ஆமைக்குக்கூட அது நல்லதல்ல, குஞ்சுக்குக் கெடுதல். அந்தத் தூசி கண்ணையும் மூக்கையும் உறுத்தும், உடம்பு நீரில்லாமல் வற்றும். ஓடும் கோணலாக வளரும். ஆப்பிரிக்க நில ஆமைக்குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்து ஆஸ்திரிய ஆய்வாளர்கள் இருவர் ஒப்பிட்டுப் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றின் ஓட்டில்தான் மேடு மேடாகப் புடைப்புகள் அதிகம் வந்தன. அதுவரை புரத உணவின் மேலேயே எல்லாரும் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்; அந்த ஆய்வில் புரதத்தின் பங்கு சிறியதாகவே இருந்தது. எனவே மரச்சீவலை எடுத்துவிடு. உடம்பு தேறியபின், உரம் கலக்காத தோட்டமண்ணும் தேங்காய்நார்த் தூளும் கலந்து விரல் ஆழத்துக்குமேல் போட்டு, அடிமண் ஈரமாக இருக்கும்படி தண்ணீர் விடு. ஒரு மூலையில் ஈரப்பாசி பரப்பிய சின்னக் குகை வை. காற்றின் ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். இப்போது மட்டும், நோய் தீரும்வரை, வெறும் சமையலறைக் காகிதத்தை விரித்துத் தினமும் மாற்று. மலம் எப்படிப் போகிறது என்று அதில்தான் தெரியும். பாசிக் குகை இப்போதும் இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே: சூட்டோடு சேர்ந்த ஈரம்தான் மருந்து. குளிரோடு சேர்ந்த ஈரம் நேராக நெஞ்சுச்சளியில் கொண்டுபோய் விடும்.

நெஞ்சுச்சளிதான் எனக்குள்ள பெரிய பயம். நம் நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் என்றொரு தசை இருக்கிறது. ஆமைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லை. சளியை இருமித் துப்ப அதனால் முடியாது. மூக்கிலிருந்து இறங்குகிற சளி நுரையீரலிலேயே தேங்கிவிடும். முந்திரி வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சுக்குத் தவித்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, குறித்துவாங்கிய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தின்னவில்லையே என்ற கவலையில் வாயைத் திறந்து எதையும் திணிக்காதே. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. குளிர்ந்து வற்றிய உடம்புக்குள் போகும் உணவு செரிக்காமல் கிடந்து அழுகும். தினமும் ஒருமுறை, ஆழமில்லாத தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தாடை மூழ்காத அளவில் கால் மணி நேரம் நிறுத்து. பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அது தலையைத் தாழ்த்தித் தண்ணீரை உறிஞ்சும், அதிலேயே சிறுநீரும் கழிக்கும். சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வரும். அது குழைவாக இருந்தால் நல்லது, மணல் மணலாக இருந்தால் உடம்பில் இன்னும் தண்ணீர் போதவில்லை. காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்து இமைகளை மெதுவாகத் துடை. ஈரம் துவட்டியபின் சூட்டு விளக்கின் கீழ் விடு. கண் திறந்தால் இலையைத் தானே தேடும். டாண்டெலியன் இலை, குளோவர், செம்பருத்திப் பூவும் இலையும், சப்பாத்திக்கள்ளியின் முள் நீக்கிய மடல் ஆகியவைதான் அதன் சாப்பாடு. மருந்து தெளித்த புல்லிலிருந்து பறிக்காதே. பழமும் வெள்ளரிக்காயும் வேண்டாம். பூனை உணவு கூடவே கூடாது.

மருந்து விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிறதே என்று எந்தச் சொட்டுமருந்தையும் போடாதீர்கள். கண் வீங்கினால் வைட்டமின் ஏ குறைவு என்று சிலர் சொல்வார்கள். பச்சிலை தின்னும் நில ஆமைக்கு அந்தக் குறை அபூர்வம். தேவையில்லாமல் ஊசியாகப் போட்டால் தோலே உரிந்துபோகும். நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சிக்காகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். இது ஆமை வளர்க்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய செய்தி. உங்கள் மருத்துவர் மூக்குநீரைச் சோதனைக்கு அனுப்பலாம். மைக்கோபிளாஸ்மாவும் ஹெர்பிஸ் வைரஸும் நில ஆமைகளுக்கு வரக்கூடியவை. ஆன்டிபயாட்டிக் ஊசியைப் பின்னங்காலில் போடாமல் முன்னங்கால் பக்கம் போடுவார். பின்பக்கத்து ரத்தம் உடம்பெல்லாம் சுற்றுவதற்கு முன்பே சிறுநீரகத்துக்குப் போகக்கூடும் என்பது காரணம். சில மருந்துகளை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுவார்கள். ஆமையின் உடம்பில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும், குணமாவதும் அப்படித்தான்.

தினமும் காலையில், குளிக்க வைப்பதற்கு முன், கிராம் காட்டும் தராசில் முந்திரியை நிறுத்து எழுதி வை. 18ஆம் நூற்றாண்டில் செல்போர்ன் என்ற ஆங்கிலேயச் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். டிமத்தி என்ற ஆமையைத் தன் அத்தையிடமிருந்து 1780இல் பெற்று வளர்த்தார். அது எப்போது மண்ணுக்குள் புகுந்தது, எப்போது வெளியே வந்தது, என்ன எடை இருந்தது என்றெல்லாம் எழுதி வைத்தார். டிமத்தியின் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண் என்று நினைத்துப் பேர் வைத்த அந்த ஆமை பெண் என்பதுகூடப் பின்னாளில் ஓட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. உன் நோட்டுப் புத்தகமும் அப்படி இருக்கட்டும்: எடை, இரண்டு கோடிகளின் சூடு, தின்றது, கழித்தது. முந்திரியின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது ஆபத்து. மருத்துவருக்கு அந்த நோட்டைவிடப் பெரிய உதவி எதுவும் கிடையாது.

முந்திரியைத் தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவு. நலமாகத் தெரியும் ஆமையின் மலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு அது தொற்றியதால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975இல் தடை விதித்தார்கள். தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே. தம்பியை முத்தம் கொடுக்க விடாதே.

அந்தத் தம்பி, ஊருக்கு வரும்போது நட்சத்திர ஆமை ஒன்று வாங்கித் தருவேனா என்று கேட்டிருந்தான். மாட்டேன் என்று சொல். அது காட்டு விலங்கு. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். 2019இல் பன்னாட்டு வணிகத்தையும் முழுவதுமாகத் தடுக்கும் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். கடத்தல் பெட்டிகளுக்குள் துணியில் சுற்றி அடுக்கியிருந்த குஞ்சுகளைப் பார்த்தவள் நான். அப்படி ஒன்று நம் வீட்டுக்கு வர நான் காரணமாக இருக்க மாட்டேன்.

கயல், எல்லாம் சரியாகச் செய்தும் சில குஞ்சுகள் பிழைப்பதில்லை. முட்டையிலேயே பலவீனமாக வந்தவை அவை. உன் வயதுக்கு இதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் வெயிலும் தண்ணீரும் சரியாகக் கிடைத்ததும் கண் திறந்து இலை கடித்த குஞ்சுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டு முந்திரியைக் குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பவே கூடாது. நோயோடு உறங்கப் போகும் ஆமை பெரும்பாலும் எழுவதில்லை.

இன்றைக்கே சுருள் விளக்கைக் கழற்று, மரச்சீவலை அள்ளு, சூட்டு பல்பை மாட்டு. நாளைக் காலை மருத்துவமனை திறந்ததும் அப்பாவை போன் செய்யச் சொல். முதல் நாள் எடையை எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை