பயறு டப்பாவில் வண்டா?

தட்டைப்பயறு, பாசிப்பயறின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. முட்டை பொரிந்து வரும் புழு பயறுக்குள்ளேயே குடைந்து வளர்ந்து, வட்டமாகத் துளை போட்டு வண்டாக வெளியே வரும்.

● முழுப் பயறை மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டு அதிகம் வராது.

● பயறை உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவையுங்கள். நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

● கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சமையல் விளக்கெண்ணெய் பிசறி வைத்தால் முட்டை பொரிப்பது வெகுவாகக் குறையும். சமைக்கும்முன் கழுவிக்கொள்ளுங்கள்.

● அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் சமைக்கும்போது உடையும். நிழலில் பரப்பி, புடைத்து எடுங்கள்.

● ரவை, மாவு வகைகளை வாங்கியதும் இறுக்கமான பையில் போட்டு 4 நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையும் சாகும்.

● பழைய சரக்கின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து நிரப்புங்கள்.

● கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதன் வாயு உயிரைப் பறித்துவிடும்.